மலைக்காடும் நம் வீட்டு நாயும்



கடந்த பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கேமரன் மலைப்பகுதியில் கூடாரம் அமைத்து இரண்டு இரவுகள் தங்கினோம். எங்கள் வீட்டு நாய் மணியையும் அழைத்துச் சென்றோம். ஜார்ஜ்டவுன் வெயிலில் நாள் முழுதும் நாக்கைத் தொங்கவிட்டுக் கிடக்கும் அதற்கு, மலைக்குளிர் புத்துயிர் அளித்தது. முதல் நாள் இரவே கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டது. நள்ளிரவு வரை கைவிளக்கோடு கூவி அழைத்தும் பயனில்லை. விடியற்காலையில் தானே திரும்பி வந்தது. காதோரமெங்கும் அட்டைகள், வாயில் இரத்தமும் சில இறகுகளும். என் இளைய மகள் கேட்டாள்: "அம்மா, மணி எதைக் கொன்றது?"

அறிவியல் பாடத்தில் விலங்குகளின் பாதுகாப்பைப் பற்றி ஆண்டுதோறும் கற்பிப்பவள் நான். அன்று என்னிடம் விடையில்லை. அக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

நாயோடு மலைக்குச் செல்வது நமக்குப் புதிதன்று. பனிமலை ஏறிய தருமரோடு இறுதிவரை சென்றது ஒரு நாய்தான். அதை விட்டுவிட்டுச் சொர்க்கம் புக அவர் மறுத்த கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பைரவருக்கும் நாயே வாகனம். ஆகவே, நாயை நேசிப்பவர்களை நான் குறை கூற வரவில்லை. நானும் அவர்களுள் ஒருத்தியே. ஆனால், காட்டில் நாயை அவிழ்த்துவிடுவது நேசம் ஆகுமா?

கேமரன் மலையின் பிரிஞ்சாங் சிகரம் 2,000 மீட்டருக்கும் சற்று உயரமானது. அங்கே பாசி போர்த்திய மரங்களும் ஆர்க்கிட் மலர்களும் குடுவைச் செடிகளும் நிறைந்துள்ளன. இத்தகைய உயர்மலைக் காடுகளில் வாழும் பல உயிர்கள் கீழே சமவெளியில் வாழ இயலாதவை. தரையில் கூடு கட்டும் பறவைகளும் அங்குண்டு. நாய் எதையும் கடிக்கவே வேண்டியதில்லை. அதன் குரைப்பும் மோப்பமுமே அவற்றை அஞ்சி ஓடச் செய்யும். முட்டையை விட்டுப் பறந்த தாய்ப்பறவை மீண்டும் வருமென்று யார் உறுதி கூறுவார்?

இதனினும் பெரிய இடர் நோய். நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்னும் நச்சுயிரி புலி, சிங்கம் ஆகியவற்றையும் தாக்கும். 1994இல் தான்சானியாவின் செரங்கெட்டியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் இந்நோயால் மாண்டன. கிராமத்து நாய்களிடமிருந்தே அது பரவியதாக ஆய்வாளர்கள் கருதினர். 2018இல் குஜராத்தின் கிர் காட்டிலும் சிங்கங்கள் இந்நோய்க்குப் பலியாயின. நம் நாட்டிலும் 2019 ஜூலையில் திரெங்கானு, டுங்குன் வட்டாரத்துக் கிராமமொன்றில் ஒரு புலி மனிதரைக் கண்டும் அஞ்சாமல் உலவியது. பிடிபட்ட சில நாள்களில் அது இறந்தது. காரணம் டிஸ்டெம்பர் என உறுதியானது. மலாயாப் புலிகள் 150க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. அந்நிலையில் ஒரு புலியின் இறப்பும் சிறிய இழப்பன்று.

வீடு திரும்பியதும் மணியின் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்தேன். அடுத்த ஊசிக்குரிய நாள் கடந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகளின் ஊசி நாளை மறவாத நான் இதை மறந்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

நோய் வந்தால் இறுதியில் துன்புறுவதும் நாய்களே. 2015 செப்டம்பரில் பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் கண்டறியப்பட்டபோது, தெருநாய்களைக் கொல்ல மாநில அரசு ஆணையிட்டது. எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. ஆயினும் நாய்கள் பல மடிந்தன. முன்கூட்டியே தடுப்பூசி போடப்பட்ட நாய்கள் மிகுந்த ஊரில் அந்நோய் பரவுவது அரிது.

ஆகவே, நாயோடு மலைக்குச் செல்ல விரும்புவோருக்குச் சில வேண்டுகோள்கள். முதலாவது, தடுப்பூசி முழுமையாகப் போடாத நாயைக் காட்டருகே கொண்டுசெல்லாதீர்கள். இரண்டாவது, நாய்க்கு இசைவளிக்கும் முகாம் தளத்தையே தேர்ந்தெடுங்கள், காப்புக்காடு வேண்டாம். மூன்றாவது, பகலில் வார் கையிலிருக்கட்டும். இரவில் நாய் கூடாரத்துக்குள் உறங்கட்டும். நான்காவது, அதன் கழிவைப் பையிலிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

இவை கேமரன் மலைக்கு மட்டும் உரியவையல்ல. 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமான நம் கொடிமலையின் அடிவாரத்திலும் நாயை அவிழ்த்துவிட்டு நடைப்பயிற்சி செய்வோரைக் காண்கிறேன். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுடைய இலைக்குரங்குகள் குட்டிகளை அணைத்தபடி மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

தருமரின் கதையை இப்பொழுது நான் வேறு விதமாகச் சொல்கிறேன். அவர் நாயைக் கைவிடவில்லை என்பது மட்டுமன்று. அந்த நாயும் அவர் பக்கத்தை விட்டு அகலவில்லை. மணிக்கு ஊசி போட்டாயிற்று. தோளோடு சேர்த்துப் பூட்டும் புதிய வாரும் வாங்கியாயிற்று. மகளின் கேள்விக்கு மட்டும் இன்னும் விடை இல்லை.