விண்கலத்தைப் பிரித்த பிறகு

அறிவியல் புனைவைப் பொருளாகக் கொண்ட கட்டைத் தொகுப்பு ஒன்று வெளியானதும் இரசிகரிடையே முதலில் எழும் கேள்வி, ‘துண்டுக்கு எத்தனை காசு?’ என்பதே. பெட்டியின் விலையை உள்ளிருக்கும் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுப்பர். விடை பத்து அமெரிக்க சென்ட்டுக்குக் கீழே நின்றால் நல்ல தொகுப்பு; மேலே போனால் கொள்ளை. ஒரு நாவலின் விலையை அதிலுள்ள சொற்களின் எண்ணிக்கையால் வகுத்து அதன் தரத்தை அறிய முயல்பவர் எவரும் இலர். ஆயினும் கட்டைத் தொகுப்புகளின் உலகில் இவ்வகுத்தல் கணக்கே பல ஆண்டுகளாகத் திறனாய்வின் இடத்தில் அமர்ந்திருக்கிறது.

கணக்கையே முதலில் பார்க்கலாம். லெகோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட பெரிய மில்லேனியம் ஃபால்கன் 7,541 துண்டுகள் கொண்டது; அறிமுக விலை 799.99 டாலர். துண்டுக்குப் பத்தரை சென்ட்டுக்குச் சற்று மேல். 2025இல் வந்த டெத் ஸ்டார் 9,023 துண்டுகள், 999.99 டாலர், துண்டுக்கு ஏறத்தாழ 11 சென்ட். 2022இல் வந்த கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர் 1,254 துண்டுகள், 99.99 டாலர், துண்டுக்கு 8 சென்ட். இம்மூன்றில் கடைசியே சிறந்தது என்று கணக்கு சொல்கிறது. விடை சரியாகவே இருக்கலாம்; ஆனால் அவ்விடைக்குக் கணக்கு காட்டும் காரணம் சரியன்று. ஒரே ஒரு குமிழ் அளவுள்ள சிறு வில்லையும் ஒன்று என்றே எண்ணப்படும். உள்ளங்கை அளவுள்ள தட்டும் ஒன்று என்றே எண்ணப்படும். மேற்பரப்பில் நுண்ணிய வில்லைகளை நிரப்பினால் எண்ணிக்கை உயரும், சராசரி தாழும். நெகிழியின் எடையோ கட்டுமானத்தின் செறிவோ கூடுவதில்லை. திரைப்பட நிறுவனத்துக்குச் செலுத்தும் உரிமத் தொகையும் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

இந்தியாவில் இக்கணக்கு இன்னும் பொருளற்றுப் போகிறது. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023இல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பதே அதன் நோக்கம். அந்நோக்கம் குறித்துத் தனியே விவாதிக்கலாம். ஆனால் பெங்களூரிலோ தில்லியிலோ ஒருவர் பெட்டியின் விலையைத் துண்டுகளால் வகுக்கும்போது கிடைக்கும் எண், தொகுப்பின் தரத்தைவிட அரசின் வரிக் கொள்கையைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறது.

இரண்டாவது அளவுகோல் மறுவிற்பனை. மாஸ்கோவின் உயர் பொருளாதாரப் பள்ளியைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள், 1987 முதல் 2015 வரையிலான தொகுப்புகளின் இரண்டாம் சந்தை விலைகளை ஆராய்ந்து, சராசரி ஆதாயம் ஆண்டுக்குக் குறைந்தது 11 சதவீதம் என்று கணித்தனர். அந்த ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. சராசரிக்குப் பின்னால் பெருத்த நட்டங்களும் இருந்தன என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. அதைவிட முக்கியமானது, இவ்வாதாயம் யாருக்குக் கிடைக்கும் என்பது. பெட்டியைப் பிரிக்காமல் பூட்டி வைத்தவருக்கே பெரும்பாலும் கிடைக்கும். ஒரு பொருளைப் பயன்படுத்தாமல் இருப்பதற்குத் தரப்படும் பரிசை அப்பொருளின் மதிப்பாகக் கொள்வது தருக்கத்துக்குப் பொருந்தாது.

மூன்றாவது அளவுகோல் சற்று மதிக்கத்தக்கது: திரையில் கண்ட கலத்தைத் தொகுப்பு எவ்வளவு ஒத்திருக்கிறது என்னும் கேள்வி. லெகோவின் குமிழ்களுக்கிடையே உள்ள தொலைவு 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர், மெல்லிய தட்டின் உயரம் அதில் மூன்றிலொரு பங்கு. இக்கட்டமான அளவுகளுக்குள் நின்றுகொண்டு ஃபால்கனின் வட்டமான மேனியை உருவாக்குவது எளிய செயலன்று. ஒலியமைப்பு முற்றிலும் வேறான இரு மொழிகளுக்கிடையே கவிதையை மொழிபெயர்ப்பதற்கு அதனை ஒப்பிடலாம். கட்டையைப் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்துதல், கீல்களால் சாய்வு உண்டாக்குதல், பாரத்தை உட்சட்டத்தின் மேல் இறக்குதல் என்று வடிவமைப்பாளர் கையாளும் உத்திகள் உண்மையான திறனுக்குச் சான்று. அத்திறனைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது.

எனினும் ஒப்புமையையே இறுதி அளவுகோலாகக் கொள்பவர் ஒரு வரலாற்றை மறக்கின்றனர். 1977ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்காக ஃபால்கனின் மாதிரியை உருவாக்கிய கலைஞர்கள், கடைகளில் விற்ற பீரங்கி வண்டி, விமானம், பந்தயக் கார் ஆகியவற்றின் நெகிழி மாதிரித் தொகுப்புகளை வாங்கி, அவற்றின் உறுப்புகளைப் பிய்த்தெடுத்துக் கலத்தின் மேனியெங்கும் ஒட்டினர். இன்று இரசிகர் பூதக்கண்ணாடி வைத்து ஒப்பிடும் அந்த நுண்விவரங்கள், வேறொரு தொகுப்பின் கையேட்டை மதிக்காதவர்களின் கைவேலை. மூலமே கலைத்துக் கட்டும் விளையாட்டில் பிறந்தது. அதன் நகலைக் கையேட்டின் ஒவ்வொரு படியையும் பிசகாமல் பின்பற்றிக் கட்டி, கண்ணாடிப் பேழைக்குள் வைத்துவிடுவது, மூலத்தின் உருவைக் காத்து அதன் ஆன்மாவைக் கைவிடுவதாகும்.

அப்படியாயின் எதைக் கொண்டு மதிப்பிடுவது? மொழியியலில் ஆக்கத்திறன் என்றொரு கருத்து உண்டு. எண்ணிக்கையில் சிலவேயான ஒலிகளும் விதிகளும் எண்ணற்ற வாக்கியங்களைத் தோற்றுவிக்கின்றன. ஒரு விகுதி எத்தனை புதிய சொற்களோடு இணையவல்லதோ அத்தனைக்கு அது ஆக்கமுடையது. கட்டைகளும் அவ்வாறே. எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் இரண்டை 24 வகையாக இணைக்கலாம். மூன்றை 1,060 வகையாக இணைக்கலாம். ஆறு கட்டைகளை 91 கோடியே 51 இலட்சத்து 3 ஆயிரத்து 765 வகையாக இணைக்கலாம் என்று டென்மார்க்கின் கணிதவியலாளர் கணக்கிட்டுள்ளனர். கட்டை என்னும் பொருளின் மதிப்பு முழுவதும் இப்பெருக்கத்தில் அடங்கியிருக்கிறது. ஆகவே ஒரு தொகுப்பிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, இதைப் பிரித்த பிறகு இத்துண்டுகள் வேறெந்த வாக்கியங்களில் இடம்பெறும் என்பதே.

இந்த அளவுகோலின்படி 1979இல் வெளிவந்த முதல் கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர் இன்றும் உயர்ந்து நிற்கிறது. துண்டுகள் 338 மட்டுமே. நீல உடல், சாம்பல் இறக்கைகள், மஞ்சள் கண்ணாடி, நான்கு விண்வெளி வீரர்கள், பின்கதவைத் திறந்தால் வெளிவரும் சிறு வண்டி. அதற்கு மூலமான திரைப்படம் ஏதும் இல்லை. அதனை வடிவமைத்த யென்ஸ் நிகார்ட் குனுட்சென், எவருடைய கதைக்கும் அது கட்டுப்படாதவாறு விட்டுவைத்தார். அக்காலப் பெட்டிகளின் பின்புறத்தில் அதே துண்டுகளால் கட்டக்கூடிய வேறு உருவங்களின் படங்கள் இருக்கும்; அவற்றுக்குக் கையேடு இராது. படத்தைப் பார்த்துத் தானே கண்டறிவது குழந்தையின் வேலை. அறிவியல் புனைவுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் அரிது. ‘இப்படியும் இருக்கக்கூடுமோ’ என்னும் வினாவே அவ்வகை இலக்கியத்தின் உயிர். விடையை முன்கூட்டியே அச்சிட்டுத் தருவது அவ்வுயிருக்கு எதிரானது.

எதிர்த்திசைக்கும் வரலாற்றில் சான்று உண்டு. 1990களின் இறுதியிலிருந்து சில ஆண்டுகளில் லெகோவின் துண்டு வகைகள் ஏறத்தாழ இருமடங்காகப் பெருகின. அவற்றுட் பல ஒரு தொகுப்புக்கு மட்டுமே பயன்படுபவை. ஒரே ஒரு வாக்கியத்தில் வந்துபோகும் சொற்களைப் போன்றவை. 2003, 2004ஆம் ஆண்டுகளில் நிறுவனம் திவாலாகும் நிலையை எட்டியதற்கு இப்பெருக்கமும் ஒரு காரணம். துண்டு வகைகளைக் கண்டிப்புடன் குறைத்தது மீட்சியின் ஒரு பகுதியாக அமைந்தது. ஆக்கத்திறன் அழகியல் விருப்பம் மட்டுமன்று. அதனை இழந்த கட்டை நிறுவனம் வணிகத்திலும் தள்ளாடியது.

பொருளின் தரமும் இதே அளவுகோலுக்குள் வந்துவிடுகிறது. 1958இல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்ட குழல் அமைப்புடைய கட்டை, இன்று வாங்கும் கட்டையோடும் பொருந்துகிறது. அச்சு வார்ப்பின் பிழை மில்லிமீட்டரின் நூறிலொரு பங்கைத் தாண்டாமல் காப்பதாலேயே இது கூடுகிறது. பிடிப்பு தளர்ந்தால் கலம் உதிரும். மிகுந்தால் குழந்தையால் பிரிக்க இயலாது. பலமுறை பிரித்துக் கட்டுபவருக்கே இவ்வேறுபாடு தெரியும். ஒருமுறை கட்டி அலமாரியில் வைப்பவர் அறிய வாய்ப்பில்லை. குறைகளும் அப்போதுதான் வெளிப்படும். சில ஆண்டுகளில் வார்க்கப்பட்ட பழுப்பு, அடர்சிவப்புத் துண்டுகள் பிரிக்கும்போது நொறுங்குவதை இரசிகர் நன்கறிவர். அச்சிட்ட குறியீடுகளின் இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்வதும் குறையே. ஸ்டிக்கர் நாளடைவில் உரியும். இரு துண்டுகளைச் சேர்த்து ஒட்டினாலோ அவை அதன்பின் பிரிவதற்கில்லை.

பிற நிறுவனங்களின் கட்டைகளையும் இவ்வாறே அளக்கலாம். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. கட்டையின் வடிவத்தை வணிகக் குறியாகப் பதிவு செய்ய இயலாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. ஆகவே பொருந்தும் கட்டைகளைச் செய்து விற்பது தவறன்று. பிறர் வடிவமைத்த தொகுப்பைக் கையேடு முதற்கொண்டு அப்படியே திருடுவது வேறு; லெப்பின் என்னும் பெயரில் அதைச் செய்தவர்கள் சீன நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டனர். இந்தியாவில் வாங்குபவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத மலிவுப் பெட்டியின் துண்டு சிறு குழந்தையின் வாய்க்குள் போகும்போது சேமித்த பணத்துக்குப் பொருளில்லை.

ஒரு மறுப்பு எழக்கூடும். பெரியவர்கள் தம் பணத்தில் வாங்கி, கட்டி, பார்த்து மகிழ்கின்றனர்; அதில் யாருக்கு என்ன இழப்பு? கட்டும் பொழுதில் கிடைக்கும் மன ஒருமையும் மகிழ்ச்சியும் மெய்யானவை. அவற்றை எவரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அம்மகிழ்ச்சி சந்தை முழுமைக்கும் அளவுகோலாகும்போது இழப்பு ஒன்று நேர்கிறது. 1979இன் கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர் குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டது. 2022இல் அது மறுபிறவி எடுத்தபோது பெட்டியின்மேல் ‘18+’ என்று அச்சிடப்பட்டிருந்தது. உள்ளே அதே துண்டுகளால் வேறு இரு பழைய கலங்களைக் கட்டும் வழியும் தரப்பட்டிருந்தது. அந்த அளவில் பழைய அறம் காக்கப்பட்டது. ஆனால் யாருக்காக அந்த அறம் தோன்றியதோ அவர்கள் முகவரியிலிருந்து நீக்கப்பட்டனர். டெத் ஸ்டாரோ கோளத்தின் ஒரு துண்டமாக, 38 பொம்மை மனிதர்களோடு, ஆயிரம் டாலருக்கு நிற்கிறது. அதனைப் பிரித்து வேறொன்று கட்டும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? பிரிப்பதற்கு அஞ்சும் அளவுக்கு விலை ஏறிய பின், அது கட்டை என்னும் பெயரை மட்டுமே சுமக்கிறது.

மேலை நாட்டுப் பிள்ளையிடம் பழைய கட்டைகள் நிறைந்த பெட்டி ஒன்று இருக்கக்கூடும்; புதிதாக வரும் தொகுப்பு அந்தச் சொற்குவியலில் கலந்துவிடும். இந்திய நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தநாளுக்கு வரும் ஒரு பெட்டியே பல ஆண்டுகளுக்கு ஒரே பெட்டியாக இருப்பதுண்டு. அப்பிள்ளைக்கு அத்தொகுப்பே அகராதி, அதுவே இலக்கணம். 2023இல் வந்த சிறு விண்ணோடத் தொகுப்பு ஒன்றில் 144 துண்டுகளே உள்ளன. அவற்றைக் கொண்டு விண்ணோடம், விண்வெளி வீரர், விண்கலம் என மூன்றையும் மாற்றி மாற்றிக் கட்டலாம். அதனைப் பற்றி நீண்ட திறனாய்வுகள் எழுதப்படுவது அரிது. அலமாரியில் அது கம்பீரமாக நிற்பதுமில்லை. ஆனால் நான்காவதாக ஒன்றைக் கட்டலாமா என்று அப்பிள்ளை தனக்குள் கேட்டுக்கொள்ளும் வாய்ப்பு அங்கே மிகுதி.

ஆகவே விலைச்சீட்டைப் பார்த்த பின் மூன்று கேள்விகள் கேட்பது தகும். கையேடு தொலைந்துபோனாலும் இத்துண்டுகளால் ஒரு கலம் பிறக்குமா? நூறாவது முறை பொருத்தும்போதும் பிடிப்பு நிலைக்குமா? வாங்கியவர் அச்சமின்றிப் பிரிக்கக்கூடிய விலையில் இது இருக்கிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று விடை சொல்லும் தொகுப்பு, துண்டுக்குப் பதினைந்து சென்ட் ஆனாலும் மலிவே.