கீபோர்டுக்காகப் பாடகர் குரலை மாற்ற வேண்டுமா? மூன்று செட்டிங்குகள் சொல்லும் பதில்

கல்யாண ரிசப்ஷன். இன்னிசைக் கச்சேரி. பல்லவி நன்றாகவே போகிறது. சரணத்தில் மேல் ஸ்தாயியைத் தொடும்போது பாடகியின் குரல் கிறீச்சிடுகிறது. ‘குரல் சரியில்லை' என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, கூட்டம் ஐஸ்கிரீம் கவுண்டர் பக்கம் நகர்கிறது. பல நேரங்களில் அங்கே பிழை குரலில் இருப்பதில்லை. கீபோர்டில் யாரும் தொடாமல் விட்ட ஒரு பொத்தானில் இருக்கிறது.

கீபோர்டுக்குள்ளேயோ தனிப் பெட்டியாகவோ இருந்து ஒலியை உருவாக்கும் கருவிதான் சவுண்ட் மாட்யூல். மேடையில் இருப்பவற்றிலேயே மிகச் சுலபமாக ஸ்ருதி மாற்றக்கூடியது அதுதான். நாகஸ்வரத்தின் ஸ்ருதியை அதன் நீளம் தீர்மானித்துவிடுகிறது. மிருதங்கத்தையும் தபலாவையும் ஓரளவுக்குத்தான் ஏற்றி இறக்க முடியும். குரலுக்கோ உடம்பு போட்ட எல்லை இருக்கிறது. அப்படியிருந்தும் ‘கொஞ்சம் மேலே பாடுங்க' என்று குரலைத்தான் கேட்கிறார்கள். இது தலைகீழ்.

ட்ரான்ஸ்போஸ்: முதலில் பாடுபவரைக் கேளுங்கள்

ட்ரான்ஸ்போஸ் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஸ்ருதி அரைக் கட்டை ஏறும் அல்லது இறங்கும். அவ்வளவுதான் வேலை. ‘ஒரிஜினல் ஸ்கேலை மாத்தினா பாட்டோட ஃபீலே போயிடும்' என்பது குழுக்களில் அடிக்கடி கேட்கும் வாதம். ஆனால் அந்த ஸ்கேல், பதிவில் பாடியவரின் குரலுக்குப் பொருந்தியது. இன்றைக்கு மைக் பிடித்திருப்பவர் வேறு ஆள். தொண்டை இறுகி வரும் உச்ச ஸ்வரத்தைவிட, ஒரு கட்டை இறக்கி நிம்மதியாகப் பாடிய பாட்டில்தான் ஃபீல் அதிகம்.

440 என்பது யார் போட்ட கணக்கு?

ட்யூனிங் பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் 440 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். மேற்கத்திய முறையில் ‘ஏ' என்னும் ஸ்வரத்தின் அதிர்வெண் அது. 1859இல் பிரான்ஸ் இதை 435 என்று சட்டமாக வைத்தது. 1939இல் லண்டனில் நடந்த சர்வதேச மாநாடு 440-ஐப் பரிந்துரைத்தது. வெவ்வேறு ஊர் வாத்தியங்கள் ஒன்றுசேர்ந்து வாசிக்க வசதியான ஓர் ஒப்பந்தம் என்பதே அதன் மதிப்பு. கர்நாடக இசையில் ஸட்ஜத்துக்கு இத்தனை ஹெர்ட்ஸ் என்று விதி எதுவும் கிடையாது. பாடுபவருக்கு எது பொருந்துகிறதோ அதுவே ‘ஸ'.

புல்லாங்குழல் வாசிக்க வாசிக்கச் சூடேறி, ஸ்ருதி லேசாக ஏறும். அப்போது மாட்யூலை 442க்கு நகர்த்தினால் கூடுவது சுமார் 8 சென்ட். அரைக் கட்டைக்கு 100 சென்ட் என்பது கணக்கு. எண்ணாகப் பார்த்தால் சின்னதுதான். இரண்டு வாத்தியங்கள் ஒரே ஸ்வரத்தில் நிற்கும்போது காதுக்கு அது தெரியும்.

காந்தாரத்தில் 14 சென்ட்

கீபோர்டு ஒரு ஸ்தாயியை 12 சம பாகங்களாகப் பிரிக்கிறது. அதனால் பஞ்சமம் 700 சென்டில் நிற்கிறது. ஸட்ஜத்தோடு இயல்பாக இணையும் பஞ்சமம் 702. பெரிய வித்தியாசமில்லை. அந்தர காந்தாரத்தில்தான் சிக்கல்: இயல்பானது 386, கீபோர்டில் 400. நடு ஸ்தாயியில் ஒரு கட்டை ஸ்ருதியில் ‘ஸ', ‘க' இரண்டையும் சேர்த்து நீட்டி அழுத்திப் பார்த்தால், உள்ளே வினாடிக்குச் சுமார் 10 தடவை ஒரு துடிப்பு கேட்கும்.

பல மாடல்களில் ஸ்கேல் ட்யூனிங் என்றொரு பக்கம் உண்டு. அங்கே காந்தாரத்தை 14 சென்ட் இறக்கினால் அந்தத் துடிப்பு அடங்கிவிடும். பாட்டின் ஸ்ருதி மாறினால் இதையும் மாற்ற வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. கமகத்துக்கு இந்தப் பக்கம் போதாது, பிட்ச் பெண்ட் சக்கரம் வேண்டும். அதைக் கொண்டு கர்நாடகக் கச்சேரியே செய்ய முடியும் என்று காட்டியவர் கீபோர்டு சத்யநாராயணன். கருவியால் முடியாது என்பதைவிட, நாம் கருவியிடம் கேட்கவில்லை என்பதே சரி.

ரிவெர்ப் எதை மறைக்கிறது?

கடையிலிருந்து வரும்போதே பல ஒலிகளில் ரிவெர்ப், கோரஸ் இரண்டும் சேர்ந்திருக்கும். ரிவெர்ப் ஒலிக்கு ஒரு ஹாலின் எதிரொலியைத் தருகிறது. கோரஸ், ஒலியின் நகலைச் சற்றுத் தாமதித்து, ஸ்ருதியை லேசாக அசைத்து, அசலோடு கலக்கிறது. கேட்கக் குளுகுளுவென்று இருக்கும். ஆனால் துல்லியமான ஸ்ருதி எது என்று அந்தக் கலவையில் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இங்கேதான் குழந்தைகளின் பயிற்சி பாதிக்கப்படுகிறது. விரல் தாமதமாக எழுந்தாலும், ஸ்வரம் அரைகுறையாக முடிந்தாலும் எதிரொலி மூடிவிடும். குழந்தை நன்றாக வாசிப்பதாக வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அதனால் பயிற்சியின்போது இரண்டையும் பூஜ்யத்தில் வைப்பதே நல்லது. மேடையிலும் கவனம் தேவை. எதிரொலிக்கும் மண்டபம், மிக்ஸரில் ஒரு ரிவெர்ப், மாட்யூலில் இன்னொன்று என்று மூன்றும் சேர்ந்தால் பாட்டின் வார்த்தையே புரியாமல் போய்விடும்.

நேரம் எங்கே இருக்கு?

கச்சேரிக்கு முன்னால் ஒயர் மாட்டவே நேரம் போதவில்லை, இதையெல்லாம் யார் பார்ப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் உரிய ஸ்ருதியை ஒத்திகையிலேயே முடிவு செய்து, மாட்யூலின் நினைவகத்தில் சேமித்துவிட்டால் மேடையில் ஒரு பொத்தான் போதும். நேற்று 442க்கு நகர்த்தியவர் இன்று மறந்திருந்தால் என்ன செய்வது? அதற்கும் வழி எளிதுதான். முதல் பாட்டுக்கு முன், எஃபெக்ட் இல்லாமல் ஒரு ‘ஸ' பிடித்து, பாடுபவரைச் சேர்ந்து பாடச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒட்டவில்லை என்றால் நகர வேண்டியது பெட்டியில் இருக்கும் எண்.

அடுத்த தடவை ரிசப்ஷனில் குரல் உடையும்போது, ‘இவங்க ஸ்ருதியை யாராவது கேட்டாங்களா' என்று ஒருவராவது கேட்டால் நல்லது.