ஞாயித்துக்கிழமை மாவு, புதன்கிழமை ராத்திரி

"ஞாயித்துக்கிழமை நாலு மணி நேரம் ஒதுக்குங்க பாஸ். அஞ்சு நாளைக்கும் சமைச்சு டப்பாவுல போட்டு ஃப்ரீசர்ல அடுக்கிருங்க. ராத்திரி சூடு பண்ணினா போதும்." ஆபீஸ்ல வாரத்துக்கு ஒருத்தராவது இந்த யோசனையைச் சொல்லிடறாங்க. எனக்கு இதுல பாதிதான் சம்மதம்.

எங்க நிலைமை இதுதான். வீடு ஆனேக்கல்ல. ரெண்டு பேருக்கும் வேலை எலக்ட்ரானிக் சிட்டியில. 2010-ல மேம்பாலம் வந்துச்சு, 2025 ஆகஸ்ட்ல பொம்மசந்திரா வரைக்கும் மெட்ரோவும் வந்தாச்சு. ரெண்டும் ஆனேக்கலுக்கு மட்டும் வரலை :-) சந்தாபுரா நெரிசலைத் தாண்டி வீட்டுக்குள்ள நுழையும்போது மணி எட்டு. புள்ளைங்க ஒம்பதுக்குத் தூங்கணும்.

ஆனா முழுச் சாப்பாட்டையும் மொத்தமா செஞ்சு வைக்கறது நமக்கு ஒத்து வராதுங்க. திங்கக்கிழமைக்கு வதக்கின வெண்டைக்காயை வெள்ளிக்கிழமை எந்தப் புள்ள தொடும்? சோறு இன்னும் வில்லங்கம். அரிசியில பாசிலஸ் சீரியஸ்னு ஒரு கிருமி (பேரே அப்படித்தான்!). அதோட வித்து கொதிக்கற தண்ணியிலயும் தப்பிச்சுடும். வடிச்ச சோறை மணிக்கணக்கா வெளியே வச்சா அது பெருகி நஞ்சை உண்டாக்கும், அப்புறம் எவ்வளவு சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. பழைய சோறு தின்னு வளந்தவன்தானேன்னு சண்டைக்கு வராதீங்க. தண்ணி ஊத்திப் புளிக்க வைக்கறது வேற கதை. சோறு குக்கர்ல இருபது நிமிஷம், அன்னன்னிக்கு வச்சுக்கலாம்.

நேரத்தைத் திங்கறது சோறு இல்ல. வெங்காயம் உரிக்கறது, புளி கரைக்கறது, தேங்காய் துருவறது, அரைக்கறது, இதெல்லாம்தான். இதை முன்கூட்டியே முடிக்கற வித்தை எங்க திருநெல்வேலி ஆச்சிகளுக்கு ஃப்ரீசர் இல்லாமலே தெரியும். நல்லெண்ணெய் மிதக்கக் காய்ச்சின புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, வத்தக்குழம்பு. பக்கத்து வீட்டு கன்னடக்கார அம்மாவும் இதே கட்சிதான். சாறு காலையிலேயே ரெடி, ராகி முத்தே மட்டும் ராத்திரி சுடச்சுடக் கிண்டறாங்க.

அப்புறம் மாவு. ஊர்ல ராத்திரி கரைச்சு வச்சா காலையில பொங்கி வழியும். இங்க கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டர் உசரம். டிசம்பர், ஜனவரியில விடிஞ்சு எட்டிப் பாத்தா கரைச்சு வச்ச மாதிரியே கிடக்கும். அதனால குளிர்காலத்துல சனிக்கிழமை சாயங்காலமே அரைச்சு, பாத்திரத்தைக் கம்பளியில சுத்தி வச்சுடணும். முடியலையா, பாக்கெட் மாவு வாங்குங்க, அதுல என்ன கௌரவக் குறைச்சல்? ஐடி ஃப்ரெஷ் 2005-ல ஆரம்பிச்சதே இதே பெங்களூர்லதானே.

சம்மதமில்லாத பாதிக்கு வர்றேன். அந்த ஞாயித்துக்கிழமை நாலு மணி நேரம் யாரோடது? என்கிட்ட இந்த யோசனை சொன்னவங்க அத்தனை பேரும் ஆம்பளைங்க. டப்பாவை நிரப்பறது அவங்க வீட்டம்மா. 2019-ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யற பெண்களுக்கு அதுல ஒரு நாளைக்கு 299 நிமிஷம் போகுது. ஆண்களுக்கு 97. அதுவும் வீட்டு வேலையில கை வச்ச ஆண்களை மட்டும் வச்சுப் போட்ட கணக்கு, அப்படிப்பட்டவங்களே நூத்துக்கு 26 பேர்தான்! அஞ்சு ராத்திரி வேலையைத் தூக்கி அவங்களோட ஒரே லீவு நாள் தலையில வச்சுட்டு "நேரம் மிச்சம்"னு சொன்னா, மிச்சம் யாருக்குங்க?

அதனால எங்க வீட்டுல கிரைண்டரும் புளிக்காய்ச்சலும் என் பொறுப்பு. சின்ன வெங்காயம் உரிக்கறது புள்ளைங்க, டிவி பாத்துக்கிட்டே. பொடி வறுக்கற பக்குவம் மட்டும் எனக்கு இன்னும் கைவரலை, அது அவங்க கையில. ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிடும். ஞாயிறு மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல அடுப்பு பத்த வைக்கறதில்லைன்னு பேச்சு. புதன்கிழமை ராத்திரி எட்டேகாலுக்குத் தோசைக்கல்லுக்கு முன்னாடி யார் முதல்ல வீடு வர்றாங்களோ அவங்க நிப்பாங்க.