தபால் ஆபீஸ் சேமிப்பில் 50 ரூபாய் வெட்டு!

ஏழைப் பணத்தில் கை வைக்கலாமா?

மார்ச் 31 வந்தால் வியாபாரிகளுக்கு வரிக் கணக்கு பயம். தபால் ஆபீசில் சில்லறை போட்டு வைத்திருப்பவர்களுக்கோ 50 ரூபாய் பயம்!

அன்றைக்குச் சேமிப்புக் கணக்கில் 500 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால், "பராமரிப்புக் கட்டணம்" என்று 50 ரூபாயை வெட்டிவிடுகிறார்கள். 2019 டிசம்பரில் புது விதி வருவதற்கு முன்பு, செக் புத்தகம் இல்லாத கணக்குக்கு 50 ரூபாய் இருப்பே போதுமானதாக இருந்தது.

ஒன்பது வருஷத்தில் காலி!

மயிலாப்பூர் மாடவீதியில் பூ விற்கிற அம்மா ஒருத்தர் 450 ரூபாய் போட்டு வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 4 சதவீதம் என்பார்கள். ஆனால் 10-ந் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் நடுவே இருப்பு 500-க்குக் கீழே இருந்தால், அந்த மாத வட்டி கிடையாது. ஆக, வட்டி பூஜ்யம். வருஷா வருஷம் 50 போச்சு. ஒன்பதே வருஷத்தில் முழுப் பணமும் அவுட்! இருப்பு தீர்ந்தால் கணக்கும் தானாக மூடப்படும். மிஞ்சுவது பாஸ்புக் அட்டைதான்!

யார் செலவு?

செலவே இல்லையா என்றால், இருக்கிறது. கவுண்ட்டரில் ஆள், கம்ப்யூட்டர், பாஸ்புக் எல்லாம் வேண்டும். 100 ரூபாய் போட்டாலும் லட்ச ரூபாய் போட்டாலும் குமாஸ்தாவுக்கு வேலை ஒன்றுதான்.

ஆனால் தபால் இலாகா இதில் வெறும் ஏஜெண்ட். 1999-ல் இருந்து பணம் போய்ச் சேருவது மத்திய அரசின் தேசிய சிறுசேமிப்பு நிதிக்கு. கணக்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று நிதி அமைச்சகம் இலாகாவுக்குக் கூலியும் கொடுக்கிறது. அப்புறம் பூக்காரம்மாவிடம் எதுக்கய்யா கூலி?

லாபத்துக்கு நடக்கிற ஸ்டேட் வங்கி 2020-லேயே குறைந்தபட்ச இருப்பு விதியை எடுத்துவிட்டது. இந்தியன் வங்கியும் 2025 ஜூலையில் எடுத்தது. சின்னச் சின்ன சேமிப்புக்காகவே 1882-ல் நாடு முழுக்க வந்த தபால் ஆபீஸ் வங்கி மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கலாமா?

அரசு நலத்திட்ட உதவி பெறுகிறவர்களுக்கு இருப்பே தேவையில்லாத அடிப்படைக் கணக்கு உண்டு. கவுண்ட்டரில் வாய் திறந்து கேளுங்கள். மற்றவர்கள் மார்ச் முடிவதற்குள் பாஸ்புக்கை ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

பெரிய கணக்கின் ஆதாயத்தில் சின்னக் கணக்கைத் தாங்குவதுதான் சர்க்கார் வங்கிக்கு அழகு. டில்லி கவனிக்குமா?