குறையைச் சொல்லும் தரகர்

முப்பது வருடம் வங்கியில் பத்திரம் பார்த்தவன் நான். ஆனாலும் ரிட்டயர்மென்ட் பணத்தில் நிலம் தேடியபோது முதல் தரகரிடமே ஏமாறப் பார்த்தேன். "அருமையான தோட்டம் சார், தண்ணி வத்தவே வத்தாது" என்றார். அது கூட்டுக் கிணறு, நாலில் ஒரு பங்குதான், முறை வந்தால்தான் மோட்டார் போடமுடியும் என்பதைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான் சொன்னார். மறுநாள் நான் முன்பணம் கொடுப்பதாக இருந்தது!

அதன்பிறகு எந்தத் தரகரிடமும் முதல் கேள்வி, "இந்த நிலத்துல என்ன குறை?" என்பதுதான். "ஒண்ணுமே இல்லை" என்றால் ஒரு கும்பிடு போட்டுவிடுவேன். கடைசியில் ஒருத்தர், "வண்டித்தடம் பத்திரத்துல இல்லீங்க, அதை எழுதி வாங்கிட்டு அட்வான்ஸ் கொடுங்க" என்றார். அவர் மூலம்தான் வாங்கினேன்.

நிலத்துக்காரரிடம் நேரில் பேசவிடாத தரகர் வேண்டாம். தரகு எவ்வளவு, யார் தருவது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். பட்டா, வில்லங்கச் சான்றை நீங்களே எடுங்கள். அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால், அசல் எங்காவது அடமானத்தில் இருக்கலாம்.

விதையையே முளைக்கவைத்துப் பார்த்துத்தானே விதைக்கிறோம்? தரகரையும் சோதித்துப் பார்ப்பதில் தப்பில்லை.