இரண்டாவது செயலி என்னும் மயக்கம்

மாட்டுங்காவிலிருந்தோ செம்பூரிலிருந்தோ ஆய்வுக்கூடத்திற்குக் கணினி வாங்க லாமிங்டன் சாலைக்குச் செல்லும் மாணவரிடமும், அவர் கொணரும் விலைப்புள்ளியில் கையொப்பமிடும் குழுவினரிடமும் ஒரு மூடநம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. தாய்ப்பலகையில் இரு செயலிகள் இருந்தால் வேகம் இரு மடங்காகும் என்பதே அது. கோர்களின் எண்ணிக்கை முதல் வரியில் மின்னுகிறது. நினைவகமோ "64 ஜிபி" என்பதோடு முடிந்துவிடுகிறது. ஆய்வு மானியம் வீணாவது அங்கேதான்.

கணக்கு எளியது. இன்டெல் ஜியான் ஈ5-2600 வி4 வரிசையில் ஒவ்வொரு செயலிக்கும் நான்கு நினைவகத் தடங்கள் உண்டு. டிடிஆர்4-2400 ராம் ஒரு தடத்தில் நொடிக்கு அதிகபட்சம் 19.2 ஜிபி தரவைக் கடத்தும். செயலிக்கு ஒன்றாக இரண்டு 32 ஜிபி ராம்களைச் செருகினால் உச்சவரம்பு 38.4. அதே 64 ஜிபியை எட்டு 8 ஜிபி ராம்களாகப் பகிர்ந்து செருகினால் 153.6. கொள்ளளவு ஒன்றே, பாதை நான்கு மடங்கு அகலம். பாய்ம ஓட்டம், வானிலை முதலிய கணக்கீடுகள் பெரும்பாலும் நினைவகத்திற்காகக் காத்துக்கிடப்பவை. தடங்களைக் காலியாக விட்டுச் செயலியைக் கூட்டுவது, வாளி ஒன்றே உள்ள கிணற்றில் இறைக்க ஆளைக் கூட்டுவதற்கு ஒப்பாகும்.

பெரிய ராமாக வாங்கினால் பின்னர் கூட்டிக்கொள்ளலாமே என்பர். மானியம் தீர்ந்தபின் அந்தப் "பின்னர்" வருவது அரிது.

சிந்தித்து வாங்கிய மரபு இங்கு இல்லாமலில்லை. செம்பூரை அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் 1991 முதல் சந்தையில் கிடைக்கும் செயலிகளை இணைத்தே அனுபம் வரிசைக் கணினிகளை உருவாக்கியது. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் கப்ரு, 144 இரு-செயலிக் கணினிகளின் தொகுப்பாக, 2004இல் உலகின் முதல் 500 அதிவேகக் கணினிகளின் பட்டியலில் இடம்பெற்றது. அன்றைய ஜியான் பலகைகளில் இரு செயலிகளும் ஒரே பாட்டையைப் பகிர்ந்தன. அந்த நெருக்கடி வன்பொருளின் குறை. இன்று செயலிதோறும் தனித்தடங்கள் இருந்தும் நெருக்கடி நீடித்தால், அது வாங்குவோரின் குறையன்றி வேறென்ன?

பழைய பலகை மலிவு என்பதும் அரைக்கணக்கே. 120 வாட் செயலிகள் இரண்டு ஆண்டு முழுதும் முழுவீச்சில் உழைத்தால் ஏறத்தாழ 2,100 யூனிட் மின்சாரம் செலவாகும். அந்தக் கட்டணத்தை விலையோடு கூட்டிப் பார்த்தபின்பே மலிவைப் பேசவேண்டும்.

ஆகவே கொள்முதல் ஆவணத்தில் இரு வரிகள் கட்டாயமாகட்டும்: எல்லாத் தடங்களும் நிரம்பியிருக்கவேண்டும், ஸ்ட்ரீம் சோதனையின் அளவீடும் ஆய்வாளரின் சொந்த நிரல் ஓடிய நேரமும் இணைக்கப்படவேண்டும். இல்லையேல், ராமையே காணாத செருகிடங்களோடு அப்பலகை ஒருநாள் தாராவியின் பழம்பொருள் பட்டறையில் பிரிக்கப்படும். அதைப் பிரிக்கும் தொழிலாளி அதிலுள்ள ஒவ்வோர் உலோகத்தின் விலையையும் அறிந்திருப்பார். வாங்கிய அறிஞர் அதன் பயனை அறியாமலே போயிருப்பார்.