எண்ணுக்கும் உரைகல் வேண்டும்

பொன்னின் மாற்றை அறிய உரைகல் வேண்டும் என்பதை யாவரும் அறிவர். கிரிக்கெட் ஆட்டக்காரரின் திறத்தை அறிவதற்கோ, சராசரி என்னும் ஓர் எண்ணே போதும் என்று அமைந்துவிடுகின்றோம். எடுத்த ஓட்டங்களை ஆட்டமிழந்த தடவைகளால் வகுத்தால் வருவது அது. ஐம்பதெனின் வல்லவர், இருபதெனின் எளியவர் என்று தீர்ப்பும் கூறிவிடுகின்றோம். அவர் எக்களத்தில் ஆடினார், எவர் பந்தை எதிர்த்தார், உடனாடினோர் எவ்வளவு எடுத்தனர் என்பவற்றை வினவுவார் இலர். இம்முறை நேரியதன்று என்பதே என் கருத்து.

1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், சென்னைச் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பைப் போட்டிகளின் முதலாட்டம் நடைபெற்றது. மைசூர் 48, 59, சென்னை 130. ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது. ஏ. ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்தினார். இரு அணியாரும் எடுத்தவை மொத்தம் 237 ஓட்டங்கள். அதே கோப்பைக்காக 1949இல் பூனாவில் பம்பாயும் மகாராஷ்டிரமும் பொருதபோது எடுக்கப்பட்டவை 2376, ஏறத்தாழப் பதின்மடங்கு! சேப்பாக்கத்தில் அன்று ஒருவர் எடுத்த முப்பதும், பூனாவில் ஒருவர் எடுத்த முப்பதும் ஒன்றாகுமோ?

1975 ஜனவரியில் அதே சேப்பாக்கத்தில் மேற்கிந்தியரின் ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட்டுகளைச் சாய்க்க, இந்தியா 190 ஓட்டங்களில் அடங்கிற்று. அவற்றுள் 97 ஜி. ஆர். விசுவநாத் ஒருவரே ஆட்டமிழவாது எடுத்தவை. ஏனையோர் யாவரும் உதிரி ஓட்டங்களோடு சேர்ந்து 93. இந்தியா 100 ஓட்டங்களால் வென்றது. அவருடைய டெஸ்ட் சராசரியாகிய 41.93 இச்செய்தியை நமக்கு உரைப்பதில்லை. பிராட்மனின் 99.94 வியப்பளிப்பதும், அது நூறை அணுகியதனால் அன்று. நெடுங்காலம் ஆடிய ஏனைப் பெருவீரர் அறுபதை ஒட்டியே நின்றமையால்.

ஆதலின், ஒருவர் சராசரியை அப்போட்டியில் ஆடினோர் அனைவரின் சராசரியால் வகுத்துக் காண்பதே முறை. பிறர் இருபது எடுக்கும் களத்தில் நாற்பது எடுப்பவர் இருமடங்கு வல்லவர். பிறர் ஐம்பது எடுக்கும் களத்தில் அறுபது எடுப்பவர் சிறிதே மேம்பட்டவர்.

எதிரிகள் மெலியராயின் எவரும் சராசரியைக் கடக்கலாமே என்பர் சிலர். மெய்யே. அதனால்தான் எவரோடு ஒப்பிட்டோம் என்பதையும், எத்துணை ஆட்டங்கள் என்பதையும் உடன் கூறல் வேண்டும். தமிழ்நாட்டின் எஸ். பத்ரிநாத் முதல்தர ஆட்டங்களில் பதினாயிரம் ஓட்டங்களைக் கடந்தவர், சராசரி 54. 2010இல் இரண்டு டெஸ்டுகளில் மும்முறையே மட்டை பிடித்து 63 ஓட்டங்கள் எடுத்தார், சராசரி 21. முதன்முறை எடுத்தவையே 56! மூன்று தடவையைக் கொண்டு ஒருவரை அளத்தல், மூன்று துளியைக் கொண்டு மழையை அளத்தல் போலும்.

காஞ்சிபுரத்துத் தறிக்கூடங்கள் இவ்வுண்மையை அறியும். கோர்வைச் சேலைக்குக் கரையும் உடலும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்படும், நெய்வாருக்குத் துணையாள் ஒருவர் வேண்டும், நாளும் மிகுதி. கோர்வை நெய்பவரையும் கோர்வையின்றி நெய்பவரையும், திங்களுக்கு எத்தனை சேலை என்று மட்டும் எண்ணி ஒப்பிடுவாரை நெசவாளர் நகையாரோ?

மாணவ நண்பர்களே, இது விளையாட்டோடு ஒழிவதன்று. மேடுபள்ளமான திடலில் ஆடிப் பழகிய சிற்றூர் மாணவனின் இருபத்தைந்தை, புல்தரை வாய்ந்த நகரத்து மாணவனின் நாற்பதோடு ஒப்பிட்டு, முன்னவனை அணியினின்று விலக்குதல் அநீதி. கடினமான வினாத்தாளில் பெற்ற ஐம்பதும் எளிய தாளில் பெற்ற எழுபதும் அவ்வாறே. நம் கல்லூரி விளையாட்டு அறிக்கையில் ஒவ்வொருவர் சராசரிக்கும் அருகே போட்டியின் பொதுச் சராசரியையும், மதிப்பெண் பட்டியலில் வகுப்பின் சராசரியையும் அச்சிடுவார்களாக. அதற்கு வேண்டுவது ஒரு கட்டமே. அக்கட்டம் இல்லாமையால் அணியில் இடமிழப்போர் எத்தனை பேரோ!